மலாவாத்திக் குன்றில் ஓர் ஒல்லாந்தக் குடிப்பெயர்

சுங்கை சோவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம்மவருள் கோல சிலாங்கூரைக் காணாதவர் மிகச் சிலரே. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலாவாத்திக் குன்றின்மேல் ஏறுகின்றோம். குரங்குகளுக்குத் தீனி கொடுக்கின்றோம். பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றோம். அவ்விளக்கம் 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. அதற்கு வழங்கும் பெயரோ ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்பது. இது மலாய்ச் சொல்லுமன்று, ஆங்கிலச் சொல்லுமன்று. ஆயின் எவருடைய பெயர்? எங்கிருந்து வந்தது? இதனைச் சிறிது ஆராய்வாம்.

டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர் மொழியில் ‘பர்க்’ என்பது கோட்டை. இடையில் நிற்கும் ‘ஸ்’ என்னும் ஒலி நம் ஆறாம் வேற்றுமை போன்றது. ஆகவே ‘ஆல்டிங்கினது கோட்டை’ என்பதே பொருள். 1641இல் போர்த்துக்கேசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார், சிலாங்கூரின் ஈயத்தின்மீது நெடுங்காலம் கண்வைத்திருந்தனர். 1784ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர்களுடைய கப்பற்படை கோல சிலாங்கூரை வென்றது. சுல்தான் இப்ராகீம் பகாங்கு நாட்டிற்குச் சென்றார். குன்றின்மேல் இருந்த கோட்டைக்கு வெற்றி பெற்றோர் தம் தலைவர் பெயரைச் சூட்டினர். ஆனால் மறு ஆண்டிலேயே, 1785 ஜூன் மாதத்தில், சுல்தான் பகாங்குப் படையின் துணையுடன் திரும்பி வந்து அவர்களைத் துரத்தினார். ஓராண்டுகூட நிறையாத ஆட்சி! எனினும் பெயர் மட்டும் இருநூற்றாண்டுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

அத்தலைவர் யாரெனின், வில்லெம் ஆர்னோல்டு ஆல்டிங் என்பவர். ஒல்லாந்து நாட்டின் வடகோடியிலுள்ள குரோனிங்கன் நகரில் 1724இல் பிறந்தவர். 1750இல் கும்பினி ஊழியராகப் பட்டாவியாவிற்குக் கப்பலேறி, 1780இல் கிழக்கிந்தியப் பகுதிகள் அனைத்திற்கும் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவர். அவர் காலத்தில்தான் கும்பினியின் சரிவு வேகங்கொண்டது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாயிருந்த நாகப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது நிலையாகவே அவர்கள் கைக்குப் போயிற்று. பிற்காலத்தில் நம் பாட்டன்மார் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய துறைமுகத்தை ஒல்லாந்தர் இழந்ததும், நாம் உலாவச் செல்லும் குன்றை அவர்கள் பிடித்ததும் ஒரே ஆண்டில், ஒரே தலைவரின் கீழ் நிகழ்ந்தன. கும்பினி 1799ஆம் ஆண்டு முடிவில் மறைந்தது. ஆல்டிங் 1800இல் பட்டாவியாவில் மாண்டார். எனினும் அவர் குடும்பத்தின் செல்வாக்கு அவரோடு போய்விடவில்லை. 1801இல் கவர்னர் ஜெனரலாக அமர்ந்த சீபெர்க்கு என்பவர் அவருடைய மருமகனே.

இனி, ஆல்டிங் என்னும் குடிப்பெயரின் பிறப்பிடம் யாதென்று காண்போம். குரோனிங்கனுக்குத் தெற்கே திரெந்தே என்றொரு மாநிலம் உண்டு. உழவர் நிறைந்த நாடு. அங்கே ‘இங்’ என்று முடியும் பெயர்கள் மலிந்துள்ளன. ஓர் ஆட்பெயரோடு இவ்வீறு சேர்ந்தால், ‘இன்னாரைச் சேர்ந்தோர்’ என்று பொருள்படும். பெய்லன் என்னும் ஊருக்கருகே ஆல்டிங் என்றே ஒரு சிற்றூர் இன்றும் இருக்கின்றது. இக்குடிப்பெயர் கொண்டோருள் முதலில் புகழ்பெற்றவர் மென்சோ ஆல்டிங். 1541இல் திரெந்தேயிலுள்ள ஏல்தேயிற் பிறந்து, எம்டன் நகரில் சமயச் சீர்திருத்தப் போதகராக விளங்கி, 1612இல் மறைந்தவர். அவருடைய மகன் என்ரிக்கும் பேரன் யாக்கோபும் குரோனிங்கன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயினர்.

நிற்க. பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே குருதியும் ஒன்றென்று துணிந்துவிடலாகாது. ஒல்லாந்தின் கிழக்குப் பகுதிகளில் ஒரு பண்ணையில் குடியேறுவோர் அப்பண்ணையின் பெயரையே தம் பெயராகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. மனைவியின் பண்ணைக்கு வந்து வாழ்ந்த கணவனும் அப்பண்ணைப் பெயராலேயே அழைக்கப்பட்டான். வடபகுதிகளில் எளியோர் பலர் நம்மைப்போலவே தந்தை பெயரைச் சேர்த்து வழங்கினரேயன்றி, நிலையான குடிப்பெயர் கொண்டாரல்லர். 1811இல் நெப்போலியன் பிறப்பித்த ஆணையே ஒவ்வொருவரும் குடிப்பெயரைப் பதிந்தாக வேண்டுமென்று கட்டாயப்படுத்திற்று. ஆகவே அந்நாட்டார் தம் மூதாதையரைத் தேடும்போது பெயரை நம்புவதில்லை, ஏட்டையே நம்புகின்றனர். கோயில்களின் ஞானஸ்நானப் பதிவு, மணப் பதிவு, அடக்கப் பதிவு ஆகியவற்றைப் புரட்டி, மகனிலிருந்து தந்தைக்கும் தந்தையிலிருந்து பாட்டனுக்கும் ஒவ்வொரு கண்ணியாகச் செல்கின்றனர். இலங்கையில் தங்கிவிட்ட ஒல்லாந்தர் வழியினரும் 1908இல் சங்கம் கண்டு, தம் குடும்ப வரலாறுகளை அச்சிட்டு வைத்தனர்.

இனி நம் நிலையைப் பார்ப்போம். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர் நம்மவர். இருப்புப்பாதைக்கு மண் சுமந்தவர் நம்மவர். அவர்களுள் எத்தனை பேர் பெயரை நாம் அறிவோம்? அடையாள அட்டையில் தந்தை பெயர் ஒன்றே நிற்கின்றது. பாட்டன் பெயர் அங்கேயே அற்றுப்போகின்றது. பாட்டியின் பெயரைக் கேட்டாலோ, பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன, லயங்கள் இடிந்தன, பெரட்டில் பெயர் கூப்பிட்ட பழைய ஏடுகள் போன இடம் தெரியவில்லை. இவற்றோடு முதியோரும் மறைந்தால், நம் வரலாற்றை நமக்குச் சொல்ல எவர் உளர்?

“குலங்கோத்திரம் பேசவா சொல்லுகின்றீர்?” என்று சிலர் சினக்கலாம். அதுவன்று நம் கருத்து. பெயரின் வாலிலே சாதியைக் கட்டிக்கொள்வது வேண்டாமென 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அது செவ்விய தீர்மானமே. சாதிப்பட்டம் இன்னாருக்கு மேல் இன்னார் என்று பறைசாற்றுவது. குடும்ப வரலாறோ, இன்னார் இங்கிருந்து வந்தார், இன்ன வேலை செய்தார், இவ்வளவு துன்புற்றார் என்று உள்ளதை உரைப்பது. முன்னது ஒழிந்தபின்தான் பின்னதை அச்சமும் நாணமுமின்றி எழுத முடியும்.

ஆதலின் அன்பர்களே, இல்லந்தோறும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பாட்டன் பாட்டியர் பெயர், பிறந்த ஊர், தாலுகா, கப்பலேறிய துறை, வந்த ஆண்டு, முதலில் பால் வெட்டிய தோட்டம், டிவிசன் ஆகியவற்றை இருக்கின்ற முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ‘ரஜூலா’க் கப்பலில் வந்ததாக ஒருவர் நினைவு கூர்ந்தால் அதனையும் எழுதுங்கள். பழைய பிறப்புச் சீட்டையும் கடவுச் சீட்டையும் குப்பையில் எறியாதீர்கள். பெண்மக்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஓராண்டும் நிலையாத ஆட்சியின் தலைவர் பெயர் குன்றின்மேல் விளங்குகின்றது. வாழ்நாள் முழுதும் இம்மண்ணில் உழைத்தவர் பெயர் நம் வீட்டு ஏட்டிலாவது விளங்க வேண்டாமா?