கழற்றி வெச்சிட்டு வாங்க

சித்தியின் தாலிக்கொடியில் எப்போதும் நான்கைந்து ஊக்குகள் தொங்கும். கொக்கி போன ரவிக்கைக்கு, காலில் ஏறிய முள்ளுக்கு, பிள்ளையின் அறுந்த பட்டனுக்கு என்று ஏதாவது ஒன்றுக்கு அவை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக அப்பர் தைக்கிறார். சில வருடங்களுக்கு முன் இடுப்பு வலிக்காக அவரை எம்.ஆர்.ஐ. எடுக்க அழைத்துப்போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பையன், "மெட்டல் எல்லாம் கழற்றி வெச்சிட்டு வாங்க" என்றான். கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழன்றன. கழுத்துக்குப் போன கை மட்டும் அங்கேயே நின்றது. சித்தியின் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கயிறு வாங்கி வந்து, அதைக் கட்டிய பிறகே தாலியைக் கழற்றலாம் என்று முடிவாகி, அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு உள்ளே போன சித்தி ஐந்தாவது நிமிடத்தில் கத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். படம் இல்லை. ஒருநாள் சம்பளம் போனது, எனக்கும் ஒருநாள் விடுப்பு. "படிக்காத பொம்பளைங்க இப்படித்தான், பயப்படுவாங்க" என்று அந்த இடத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

மனித உடலின் முதல் எக்ஸ்ரே படங்களில் மிகவும் புகழ்பெற்றது ஒரு பெண்ணின் கை. 1895 டிசம்பரில் ஜெர்மனியின் ராண்ட்ஜென் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தார். எலும்புகளுக்கு மேல் மோதிரம் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்ரேக்கு மோதிரம் இருந்தாலும் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. இன்று பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு வலுவானது. எஃகு ஊக்கு அதை நோக்கிப் பறக்கும். தங்கம் பறக்காது. ஆனால் ரேடியோ அலைகளில் சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். சரிகை ரவிக்கையும் புர்காவின் பின்னும் இதே கணக்கில் சேர்ந்தவை. ஆகவே கழற்றச் சொன்னது தவறல்ல. அதை யார், எங்கே வைத்து, எப்படிச் சொன்னார் என்பதுதான் கேள்வி. இந்தத் தோல் பட்டையில் அது புதிய கேள்வியும் அல்ல.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி மருத்துவர்களின் குடும்பம். இருபது வயதையொட்டி திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது நடந்ததாக அவர் சொன்ன இரவு வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், இன்னொரு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்தார்கள். மருத்துவரான ஐடாவின் தந்தை வரத் தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடா அப்போது மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இந்தக் கதையை அந்த ஆண்களின் மூடத்தனத்துக்குச் சாட்சியாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மனைவியின் உயிரைவிடக் குடும்ப மானம் பெரிது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசலுக்கு இந்தப் பக்கம் இருந்த மருத்துவமும் ஓர் ஆணைத் தவிர வேறு யாரையும் தயாராக வைத்திருக்கவில்லை. உள்ளே படுத்திருந்த மூவரிடம் யாராவது கேட்டார்களா என்பது எந்த வடிவத்திலும் கதைக்குள் வருவதில்லை.

ஐடா அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் பின்னால் சி.எம்.சி. ஆயிற்று, ஆண் மாணவர்கள் அங்கே சேர்ந்தது 1947இல்தான். சென்னையில் இதற்கு முன்பே, 1885இல், மேரி ஷார்லிப்பின் முயற்சியில் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை வந்திருந்தது. இவர்கள் திரையைக் கிழிக்கவில்லை. திரைக்கு உள்ளே போகக்கூடிய மருத்துவரை உருவாக்கினார்கள். கோஷாவை அப்படியே ஏற்றுக்கொண்டது சரியா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த வழியாகத்தான் பெண்ணுடலுக்கு மருத்துவம் வந்து சேர்ந்தது. ஐடாவின் அண்ணன் மகளான இன்னொரு ஐடா ஸ்கடர் வேலூரிலேயே கதிரியக்கத் துறையில் பணியாற்றினார். அங்குள்ள புற்றுநோய் மையம் அவர் பெயரில் இருக்கிறது. படம் எடுக்கும் மருத்துவத்தைப் பெண்கள் நடத்திய மரபும் இந்த ஊருக்கு உண்டு.

எம்.ஆர்.ஐ.யின் தொடக்கமோ வேறு மாதிரி. 1977இல் நியூயார்க்கில் ரேமண்ட் டமாடியன் தான் கட்டிய இயந்திரத்தில் முதலில் தன்னையே வைத்துப் பார்த்தார். சமிக்ஞை கிடைக்கவில்லை, உடல் பருமன்தான் காரணம் என்று முடிவானது. ஒல்லியான உதவியாளர் லாரி மின்காஃப் உள்ளே போனார். ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். உண்டாக்கியவரின் உடம்பே பொருந்தாத கருவி என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொருந்தாததற்கு யாரும் அவரைப் பயந்தவர் என்று சொல்லவில்லை.

நெடுங்காலம் அந்தக் குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டர். 2004இல்தான் 70 சென்டிமீட்டர் அகல வாய் கொண்ட 1.5 டெஸ்லா இயந்திரம் வந்தது. பக்கவாட்டில் திறந்த இயந்திரங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றின் காந்தம் வலுக் குறைந்தது என்பதால் நேரம் கூடும், நுணுக்கம் குறையலாம். உள்ளே கேட்கும் சம்மட்டிச் சத்தம், மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது சுருள்கள் அதிர்வதால் வருவது. ஜெர்மனியில் 55,000 பேருக்கு மேல் கவனித்து 2007இல் வெளியான ஆய்வு, மூடிய இடத்து அச்சம் பெண்களிடம் அதிகம் என்றது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது: குழாய் குட்டையாக, சத்தம் குறைவாக இருந்த புதிய இயந்திரத்தில் அந்த அச்சம் வெகுவாகக் குறைந்தது. முதல் பாதியை மட்டும் சொல்பவர்கள்தான் நம்மிடம் அதிகம்.

இன்னொன்று, அந்தப் படிவம். கடைசியாக மாதவிடாய் எப்போது, கர்ப்பமா, காப்பர்-டி இருக்கிறதா? காப்பர்-டி பொதுவாக ஸ்கேனுக்குத் தடையல்ல. ஆனாலும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அதைக் காத்திருக்கும் கூடத்தில், மாமியாரும் கொழுந்தனும் நிற்கும்போது உரக்கக் கேட்டால், வீட்டுக்குத் தெரியாமல் காப்பர்-டி போட்டுக்கொண்ட பெண் என்ன பதில் சொல்வாள்? இல்லை என்பாள். பாதுகாப்புக்காகக் கேட்ட கேள்வி அங்கேயே பொய்யாகிவிடும். சித்தியிடம் முதல் தடவை அப்படித்தான் கேட்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றார்கள். அதற்கு வெறும் வயிறு, கண்காணிக்க ஆள், வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள், இன்னொரு நாள் சம்பளம். வேண்டாம் என்று வேறோர் ஊரில் ஓர் இடத்துக்குப் போனோம். அகல வாய் இயந்திரம் என்றாலும் பெரிய மாற்றம் அதனால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் டெக்னீஷியன் சித்தியை மட்டும் தாழ்ப்பாள் உள்ள அறைக்கு அழைத்துப்போய்க் கேள்விகளைக் கேட்டார். கொக்கியில்லாத பருத்தி அங்கி கொடுத்தார். என்ன சத்தம் வரும், எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே சொன்னார். இடுப்புக்குத்தான் என்பதால் கால் முதலில் போகும்படி படுக்கவைத்தார். தலை வாய்க்கு அருகிலேயே இருந்தது. காதில் பஞ்சடைப்பு, கண்மேல் துணி, கையில் அழுத்தும் பந்து. "எப்ப வேணும்னாலும் அமுக்குங்கக்கா, நிறுத்திடறேன்." என்னையும் சோதித்துவிட்டுத் தலைமாட்டில் உட்காரவிட்டார்கள்.

சித்தி பந்தை அழுத்தவே இல்லை. "எங்க கட்டிங் மெஷின் சத்தத்துக்கு இது இன்னா" என்றார் வெளியே வந்து. கைக்குட்டையை விரித்துத் தாலியைப் போட்டுக்கொண்டு, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். டிஸ்க் பிதுங்கியிருப்பது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை கம்பெனி வேன் வழக்கம்போல் தெருமுனைக்கு வந்தது. சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தி ஏறினார்.