மணவாளக்குறிச்சி மணல்

மாசித் திருவிழாவில் மண்டைக்காட்டு அம்மனைத் தொழ நம் வெள்ளறடைப் பகுதியிலிருந்தும் குடும்பங்கள் செல்வதுண்டு. தொழுது முடித்துக் கடற்கரையில் நிற்கையில் காலடியில் கரிய மணல் மின்னக் காண்கிறோம். குழந்தைகள் அதனை அள்ளி விளையாடுவர். அம்மணலுக்கு உலக வரலாற்றில் ஓர் இடமுண்டு. ஆதலின், மண்டைக்காட்டை அடுத்த மணவாளக்குறிச்சியின் கதையை இம்மலரில் சிறிது கூற விழைகின்றோம்.

நமக்குக் கிழக்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையே அம்மணலின் தாய்வீடு. பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகளின் வழியே கடலை அடைந்தன. இலேசான மணலை அலைகள் அடித்துச் செல்ல, கனத்த மணிகள் கரையில் தங்கின. கருநிற இல்மனைட்டும், செந்நிறக் கார்னெட்டும், தேன்நிற மோனசைட்டும் அவற்றுட் சில.

1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். திருமண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை நாம் மறந்திலோம். அதனை வெண்சுடராய் ஒளிரச் செய்த தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைப்பது. விரைவில் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் கையிலிருந்த தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

மோனசைட்டைப் பிரித்தபின் வேண்டாப் பொருளாய்க் கிடந்த இல்மனைட்டுக்கும் 1922 முதல் காலம் பிறந்தது. கரிய அம்மணலிலிருந்தே தூய வெண்சாயம் செய்யலாயினர். பின்னர் அணுயுகம் தோன்ற, தோரியத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் பொறுப்பில் வந்தது.

ஐரோப்பாவில் செக் நாட்டு யாகிமோவ் என்னும் சிற்றூரும் இத்தகையதே. 16-ஆம் நூற்றாண்டில் அங்கு வெள்ளி எடுத்தனர். அவ்வூர் நாணயமான தாலரின் பெயரே டாலர் ஆயிற்று. பயனற்றதென ஒதுக்கப்பட்ட அவ்வூர்க் கருங்கல்லிலிருந்தே கியூரி அம்மையார் ரேடியத்தைப் பிரித்தார். ஆயினும் சுரங்கத்தில் இறங்கியோரை நுரையீரல் நோய் வாட்டியது. 1948-க்குப் பின் அரசியல் கைதிகளை அங்கே யுரேனியம் தோண்டச் செய்தனர். உலகம் ரேடியத்தைப் போற்றியது. சுரங்கத்தில் மாய்ந்தோரை எத்தனை பேர் நினைத்தனர்?

இக்கேள்வி நம் கரைக்கும் உரியது. இயற்கையிலேயே கதிர்வீச்சு மிகுந்த கடற்கரை அது. அண்மையில் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, உடல்நலமும் கடலரிப்பும் குறித்து மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்தம் அச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. நாட்டுக்குத் தோரியம் வேண்டும்; கரையில் வாழ்வோர்க்கு உயிரும் ஊரும் வேண்டும்.

1956 நவம்பர் 1-இல் மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றங்கரைத் தமிழராகிய நாம் கேரளத்தில் நின்றோம். எல்லை பிரித்தாலும் மலை ஒன்றே, அதன் மணலும் ஒன்றே. அடுத்த மாசியில் குழந்தைகள் அக்கரிய மணலை அள்ளும்போது, அதன் வரலாற்றையும் அதனைச் சுமந்த மக்களையும் அவர்கட்கு எடுத்துரைப்போமாக.