சோஃபியாடவுன் இடிந்தது, டிரம்பெட் ஓயவில்லை: ஹியூ மசெகேலா

தென்னாப்பிரிக்க ஜாஸ் இசையை உலக மேடைக்குக் கொண்டு சென்றவர்களில் முக்கியமானவர் டிரம்பெட் கலைஞர் ஹியூ மசெகேலா (1939 - 2018). 1968ஆம் ஆண்டு அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘கிரேஸிங் இன் தி கிராஸ்’ என்ற இசைதான் பலருக்கும் அவரை அறிமுகப்படுத்தியது. ஆனால், அவரைக் கலைஞராக்கியது அமெரிக்கா அல்ல. 1950களில் ஜோகனஸ்பர்க் நகரின் கறுப்பினக் குடியிருப்புகளில் இருந்த இசைச் சூழலே அவரை வளர்த்தது. அவர் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்தச் சூழல் அரசாங்கத்தால் இடித்துத் தள்ளப்பட்டது.

சுரங்கத் தொழிலாளர்களின் நடுவே

மசெகேலா 1939 ஏப்ரல் 4ஆம் தேதி விட்பேங்க் என்ற நிலக்கரிச் சுரங்க நகரை ஒட்டிய குவாகுகா குடியிருப்பில் பிறந்தார். தந்தை சுகாதார ஆய்வாளர், சிற்பக் கலைஞரும்கூட. தாயார் சமூக நலப் பணியாளர். சிறு வயதில் அவரை வளர்த்தது பாட்டிதான். பாட்டி சுரங்கத் தொழிலாளர்களுக்கு வீட்டிலேயே மது விற்று வந்தார். கறுப்பினத்தவருக்கு மது விற்பது அப்போது சட்டப்படி குற்றம். இத்தகைய வீடுகளை அங்கே ‘ஷெபீன்’ என்பார்கள்.

வேலை முடிந்து அங்கு வந்து உட்காரும் தொழிலாளர்கள் பலர் அண்டை நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். மனைவி, மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களின் பேச்சும் பாட்டும் அழுகையும் சிறுவனின் காதில் விழுந்தபடி இருந்தன. பின்னாளில் அவர் படைத்த புகழ்பெற்ற பாடல் ஒன்றுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பாதிரியார் வாங்கித் தந்த கருவி

ஜோகனஸ்பர்க் நகரின் செயின்ட் பீட்டர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, டிரம்பெட் வாசிப்பவனின் கதையைச் சொல்லும் ‘யங் மேன் வித் எ ஹார்ன்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கருவி மீதுதான் நினைப்பு. பள்ளியில் குறும்புக்குப் பெயர் போன மாணவர் அவர். என்ன கிடைத்தால் ஒழுங்காக இருப்பாய் என்று பாதிரியார் டிரெவர் ஹடில்ஸ்டன் கேட்க, ஒரு டிரம்பெட் போதும் என்று பதில் சொன்னதாக மசெகேலா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஹடில்ஸ்டன் நிறவெறி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்த ஆங்கிலிக்கன் திருச்சபைப் பாதிரியார். கருவியை வாங்கித் தந்ததோடு நிற்காமல், நகராண்மைக் கழகத்தின் கறுப்பினப் பித்தளை வாத்தியக் குழுவை நடத்தி வந்த ‘சவுடா மாமா’ என்பவரைப் பாடம் சொல்லித்தரவும் ஏற்பாடு செய்தார். மற்ற மாணவர்களும் கருவி கேட்டு வரிசையில் நின்றனர். டிராம்போன் எடுத்த ஜோனாஸ் குவாங்வாவும் அவர்களில் ஒருவர். இப்படி உருவானதுதான் ‘ஹடில்ஸ்டன் ஜாஸ் பேண்ட்’.

1956இல் திருச்சபை ஹடில்ஸ்டனைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அமெரிக்கா சென்றபோது அவர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைச் சந்தித்து இந்த மாணவர்களைப் பற்றிச் சொன்னார். ஆம்ஸ்ட்ராங் தம் டிரம்பெட் ஒன்றை அவர்களுக்கு அனுப்பி வைத்தார். அது மசெகேலாவின் கைக்கு வந்தது. கருவியோடு அவர் துள்ளிக் குதிக்கும் காட்சியை ஆல்ஃப் குமாலோ எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது.

சோஃபியாடவுன்

அக்கால ஜோகனஸ்பர்க் இசையின் இதயம் சோஃபியாடவுன். கறுப்பினத்தவர் சொந்தமாக நிலம் வாங்க முடிந்த மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. ஆப்பிரிக்கர், இந்தியர், சீனர், கலப்பினத்தவர் அனைவரும் அருகருகே குடியிருந்தனர். அங்கிருந்த ஓடின் திரையரங்கில் ஜாஸ் கச்சேரிகள் நடக்கும். டியூக் எலிங்டன், கவுன்ட் பேசி ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகிய உள்ளூர்க் கலைஞர்கள், அதைத் தங்கள் ‘மராபி’ இசையோடு கலந்து புதிய பாணி ஒன்றை உருவாக்கியிருந்தனர்.

1955 பிப்ரவரி 9ஆம் தேதி ஆயுதம் தாங்கிய போலீசார் சோஃபியாடவுனுக்குள் நுழைந்தனர். குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு மெடோலேண்ட்ஸ் என்ற இடத்தில் இறக்கிவிடப்பட்டன. வீடுகள் ஒவ்வொன்றாகத் தரைமட்டமாக்கப்பட்டன. வெள்ளையருக்காக எழுப்பப்பட்ட புதிய குடியிருப்புக்கு ‘ட்ரியோம்ஃப்’, அதாவது ‘வெற்றி’, என்று பெயர் சூட்டினர். கறுப்பினத்தவருக்குத் தரம் குறைந்த கல்வியை மட்டுமே அனுமதித்த சட்டத்தின் விளைவாக, மசெகேலா படித்த பள்ளியும் மூடப்பட்டது.

இசையை நம்பிப் பிழைத்தல்

இப்படிப்பட்ட காலத்தில்தான் அவர் இசையைத் தொழிலாக ஏற்றார். அன்று ஒரு கறுப்பினக் கலைஞருக்கு வருமானம் தரும் வழிகள் சிலவே: கலைநிகழ்ச்சிக் குழுவோடு ஊர் ஊராகச் செல்வது, நடன மண்டபங்களில் வாசிப்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னணி வாசிப்பது. இரவில் நகரில் நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும். கச்சேரி முடிந்து வீடு திரும்பும் கலைஞரும் அதற்கு விலக்கல்ல.

ஒலிப்பதிவு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே தடவை ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ளும். 1939இல் ‘ம்பூபே’ பாடலைப் பதிவு செய்த சாலமன் லிண்டா, அதன் உரிமையை 10 ஷில்லிங்கிற்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பாடல் பின்னர் உலகம் முழுதும் பணத்தைக் குவித்தும் அவர் வறுமையிலேயே இறந்தார்.

மசெகேலா பல குழுக்களோடு சுற்றுப்பயணம் சென்று அனுபவம் சேர்த்தார். 1959 பிப்ரவரியில் அரங்கேறிய ‘கிங் காங்’ இசை நாடகத்தின் வாத்தியக் குழுவில் வாசித்தார். குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கையைச் சொன்ன இந்த நாடகத்துக்கு டாட் மட்சிகிசா இசையமைத்தார். மிரியம் மகேபா நாயகியாகப் பாடி நடித்தார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ‘ஜாஸ் எபிஸில்ஸ்’ குழு பிறந்தது. பியானோவில் பின்னாளில் அப்துல்லா இப்ராஹிம் என்று பெயர் மாற்றிக்கொண்ட டாலர் பிராண்ட், சாக்சஃபோனில் கிப்பி மோகெட்சி, டிராம்போனில் குவாங்வா, டிரம்பெட்டில் மசெகேலா. 1960 ஜனவரியில் இவர்கள் பதிவு செய்ததே தென்னாப்பிரிக்கக் கறுப்பின ஜாஸ் குழு ஒன்றின் முதல் நெடுநேர இசைத்தட்டு. அப்போது மசெகேலாவுக்கு வயது 20.

ஷார்ப்வில்

இரண்டே மாதங்களில் எல்லாம் மாறியது. 1960 மார்ச் 21ஆம் தேதி, அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் நகரில் கூடியவர்கள் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பத்துப் பேருக்கு மேல் கூடத் தடை வந்தது. கூட்டம் கூட முடியாத நாட்டில் கச்சேரி எங்கே நடக்கும்?

ஹடில்ஸ்டன், வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஆகியோரின் உதவியுடன் மசெகேலா அதே ஆண்டு லண்டன் சென்றார். பிறகு நியூயார்க்கில் இசை பயின்றார். மகேபாவும் ஹாரி பெலஃபோன்டேவும் துணை நின்றனர். அமெரிக்க ஜாஸை அப்படியே வாசித்தால் நூற்றில் ஒருவனாகிவிடுவாய், உன் மண்ணின் இசையை அதில் சேர் என்று மைல்ஸ் டேவிஸ் கூறிய அறிவுரை தமக்கு வழிகாட்டியதாக அவர் கூறியுள்ளார். மகேபாவை 1964இல் மணந்தார். 1966இல் இருவரும் பிரிந்தனர்.

ரயில் பாட்டு

1974இல் வெளிவந்த ‘ஸ்டிமேலா’ பாடலில், பாட்டி வீட்டில் கண்ட தொழிலாளர்கள் மீண்டும் வருகின்றனர். நமீபியா, மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜோகனஸ்பர்க் சுரங்கங்களுக்கு வரும் நிலக்கரி ரயிலைப் பற்றிய பாடல் அது. ரயிலின் ஊதலையும் சக்கர ஓசையையும் மசெகேலா தம் குரலாலேயே எழுப்புவார். கச்சேரிதோறும் ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாடல் இது. சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவை விடுவிக்கக் கோரிய ‘பிரிங் ஹிம் பேக் ஹோம்’ பாடல் 1980களில் போராட்டக் கீதமானது.

1990இல் மண்டேலா விடுதலையான பின்னரே மசெகேலா தாயகம் திரும்பினார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டதை 2004இல் வெளியான தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். 2018 ஜனவரி 23ஆம் தேதி புற்றுநோயால் ஜோகனஸ்பர்க்கில் காலமானார்.

‘ட்ரியோம்ஃப்’ என்ற பெயர் 2006இல் நீக்கப்பட்டு, அந்த இடம் மீண்டும் சோஃபியாடவுன் ஆனது. இடிபடாமல் தப்பிய அங்குள்ள கிறிஸ்து அரசர் தேவாலயத்தில், மாணவன் ஒருவனுக்கு டிரம்பெட் வாங்கித் தந்த ஹடில்ஸ்டனின் அஸ்தி வைக்கப்பட்டுள்ளது.