உறுமுவது டயரா, பேரிங்கா?

மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் காருக்குள் ஓர் உறுமல் கிளம்புகிறது. கியரை மாற்றினாலும் ஆக்சிலரேட்டரை விட்டாலும் அது மாறவில்லை. வேகம் ஏறினால் ஏறுகிறது, குறைந்தால் குறைகிறது. எஞ்சின் இதில் சம்பந்தப்படவில்லை என்பது வண்டி ஓட்டுபவருக்கே புரிந்துவிடும். சுற்றுகிற சக்கரத்தில்தான் ஏதோ கோளாறு. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் இரண்டில் ஒரு பதில் வரும்: "டயர் போச்சு சார்." அல்லது, "பேரிங் போச்சு சார்."

இந்த இரண்டு பதில்களில் எது சரி என்று பார்க்காமலே செலவு செய்கிறவர்கள் ஏராளம். நல்ல பேரிங்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டியும் சத்தம் நிற்காமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. நாலு டயரையும் மாற்றிவிட்டு, அதே உறுமலோடு வீடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த இரண்டு சத்தங்களும் காதை ஏமாற்றுவதற்குக் கணக்கோடு கூடிய காரணம் இருக்கிறது.

புத்தம்புது டயரும் சத்தம் போடும். டயரின் மேற்பரப்பில் உள்ள பட்டன் கட்டைகள் ஒவ்வொன்றாக ரோட்டில் வந்து தட்டுகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள காடிகளில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுகிறது. இன்றைய கார்களில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எஞ்சினை விட டயர்தான் அதிகம் பேசுகிறது. டயர் கம்பெனிகளுக்கு இது தெரியும். அதனால் எல்லாக் கட்டைகளையும் ஒரே அளவில் வார்ப்பதில்லை; சிறிது, நடுத்தரம், பெரிது என்று கலைத்துப் போட்டு வைப்பார்கள். தட்டும் இடைவெளி சீராக இல்லாவிட்டால் ஒற்றைச் சுருதி எழாது, வெறும் இரைச்சலாகக் கரைந்துவிடும். டயரின் வட்டத்தை உற்றுப் பார்த்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்கே தெரியும்.

ஒரு சிறிய காரின் 15 அங்குல ரிம்மில் மாட்டிய டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 9 சுற்று என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தில் 70 கட்டைகள் இருந்தால் நொடிக்கு 600 தட்டுகளுக்கு மேல். அது கீச்சுக்குரல் பக்கம் சாய்ந்த சத்தம். இப்போது அதே டயர் தாறுமாறாகத் தேய்ந்து, வட்டத்தில் ஒரு பத்து இடத்தில் பணியாரக் கல் போலக் குழி விழுந்துவிட்டது என்றால்? நொடிக்கு 90 அதிர்வு. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த உறுமல். பேரிங்குக்கு வாருங்கள். ஒரு வரிசையில் 13 குண்டுகள் உள்ள பேரிங்கின் ஓடுபாதையில் ஒரு பள்ளம் விழுந்தால், அதே வேகத்தில் அந்தப் பள்ளத்தின் மேல் நொடிக்கு 50 முதல் 70 தடவை வரை குண்டுகள் ஏறி இறங்கும். 90-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றிரைச்சலுக்கும் ஹாரனுக்கும் நடுவில் எந்தக் காது பிரித்துச் சொல்லும்? சத்தத்தை மட்டும் கேட்டு "இதுதான்" என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

காது கைவிடும் இடத்தில் கை உதவும். டயர்தான் காரணம் என்றால் அது தன் மேனியிலேயே எழுதி வைத்திருக்கும். காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடுதலாக இருந்தால் நடுப்பகுதி தேயும், கேம்பர் கோணம், அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு, தவறினால் ஒரே பக்க ஓரம் மட்டும் மழுங்கும். இவை டயரின் ஆயுளைக் குறைக்குமே தவிரப் பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. உறுமுகிற டயரில் வேறு மூன்று வகைத் தேய்மானம் இருக்கும்.

முதலாவது, குறுக்குவாட்டில் உள்ளங்கையை ஓட்டினால் ஒரு பக்கம் போகையில் வழவழப்பாகவும் திரும்பி வருகையில் ரம்பம் போல வெட்டுவதாகவும் இருப்பது. இது டோ கோணத்தின் வேலை. சக்கரம் நேராக உருளாமல் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ பார்த்தபடி ஓடினால், உருளுகிற ஒவ்வொரு அடியிலும் பக்கவாட்டில் இழுபடவும் செய்கிறது. ஒரு சக்கரம் அரை பாகை விலகியிருந்தால் போதும். கிலோமீட்டருக்கு 8, 9 மீட்டர் தூரம் ரப்பர் பக்கவாட்டில் அரைபடும். 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது அந்த டயர் 80 கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்காமலே இது நடக்கலாம் என்பதுதான் சங்கடம். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு தவறியிருந்தால் இழுப்பு ஒன்றையொன்று சமன் செய்துவிடும், வண்டி நேராகவே போகும். "வண்டி இழுக்கவில்லையே, அலைன்மென்ட் எதற்கு?" என்கிற கேள்வி இங்கேதான் தோற்கிறது.

இரண்டாவது வகை, ஓட்டத்தின் திசையில் கட்டைக்குக் கட்டை படி விழுவது. ஒவ்வொரு கட்டையின் முன்விளிம்பும் உயர்ந்து, பின்விளிம்பு தாழ்ந்திருக்கும். கட்டை தரையை விட்டு விலகும்போது அதன் பின்விளிம்பு ஒரு கணம் வழுக்கித் தேய்வதால் வருவது இது. முன்சக்கர இழுவை உள்ள நம் ஊர் ஹேட்ச்பேக் கார்களில் பின்சக்கரங்களில் இதை அதிகம் பார்க்கலாம். அந்தச் சக்கரங்களை எஞ்சின் இழுப்பதே இல்லை, பிரேக் மட்டும் பிடிக்கிறது. ஆக, தேய்மானம் எப்போதும் ஒரே திசையில். மூன்றாவது, முன்பு சொன்ன குழித் தேய்மானம். ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலோ, சக்கரத்தின் பேலன்சிங் கெட்டாலோ, டயர் ரோட்டில் சீராக உட்காராமல் துள்ளித் துள்ளி ஓடும். விழுகிற இடமெல்லாம் கூடுதலாகத் தேயும், மேடு பள்ளம் வந்ததும் துள்ளல் இன்னும் கூடும். ஆளேறாத பின்சீட்டோடு ஓடும் சிறிய கார்களில் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைவு என்பதால் அங்கேதான் இதுவும் தலைகாட்டுகிறது. போதாக்குறைக்கு, ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை. வண்டியின் பின்பாதி முழுக்கச் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியாகிவிடுகிறது.

டயர் சத்தம் மாதக்கணக்கில் மெல்ல ஊறி வருவது. காது அதற்குப் பழகிப்போவதால் உரிமையாளருக்குத் தெரிவதில்லை, எப்போதாவது ஏறும் மைத்துனர்தான் "என்ன மாப்ளே, ஏரோப்ளேன் மாதிரி சத்தம் வருது?" என்பார். அல்லது, டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்ட அன்றே திடீரெனக் கேட்கும். பின்னால் தேய்ந்து கிடந்த டயர் முன்னால், ஓட்டுநரின் காலடிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்றியவர் எதையோ கெடுத்துவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை.

பேரிங்கின் வரலாறு இப்படி மெதுவானதல்ல. இன்றைய கார்களில் சக்கரப் பேரிங் என்பது கிரீஸோடு சேர்த்துச் சீல் வைத்து மூடிய ஒரே அங்கம். பழைய அம்பாசடர் காலத்தைப் போலக் கழற்றிக் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கிச் சரிசெய்யும் வேலை இதில் கிடையாது. கெட்டால் மாற்ற வேண்டியதுதான். கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பள்ளம். வேகமாகப் பள்ளத்தில் இறங்கும் அடியில் குண்டுகள் ஓடுபாதையை அழுத்தித் தடம் பதித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தடம் உதிர்ந்து பெரிதாகிச் சில வாரங்கள் கழித்துச் சத்தமாக வெளிவரும். மற்றது, தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் முழங்காலளவு நீரில் வண்டி இறங்கும்போது, ஓடிச் சூடான ஹப் சட்டெனக் குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியாகச் சேற்றுநீரை உறிஞ்சிக்கொள்கிறது. பொங்கலுக்குப் பிறகு பேரிங் வேலை ஒர்க்‌ஷாப்புகளில் குவிந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இரண்டையும் பிரித்தறியக் காசு செலவில்லாத சோதனை ஒன்று நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. தார் ரோட்டில் வந்துகொண்டிருக்கும் வண்டி, டோல்கேட்டை நெருங்கும்போது சிமென்ட் தளத்தில் ஏறும். வேகத்தைப் பெரிதாக மாற்றாமல் அந்த எல்லையைக் கடக்கும்போது காதைக் கூர்மையாக்குங்கள். டயர் சத்தம் தளத்துக்குத் தளம் நிறம் மாறும்: சொரசொரப்பில் ஒரு மாதிரி, புதிதாகப் போட்ட வழவழத் தாரில் இன்னொரு மாதிரி. பேரிங்குக்குக் கீழே இருப்பது தாரா சிமென்டா என்ற கவலை இல்லை. அது தன்பாட்டுக்கு உறுமும்.

அடுத்தது, மெக்கானிக்குகள் காலம்காலமாகச் செய்துவரும் சோதனை. ஆளில்லாத அகலமான சாலையில், அளவான வேகத்தில், ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்ப்பது. வலப்பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் சந்தேகம் இடப்பக்கப் பேரிங் மேல். குறைந்தால் வலப்பக்கத்தின் மேல். இது நல்ல சோதனை, ஆனால் வேதவாக்கு இல்லை. பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் இருப்பதால், எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகவும் வரலாம். ஓரம் குழி விழுந்த டயரும் வளைவில் தொனி மாறும். எனவே இதை மட்டும் நம்பிப் பேரிங் வாங்கக் கூடாது.

மூன்றாவதாக, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, ஒரு கையால் சுற்றியபடி இன்னொரு கையை சஸ்பென்ஷன் சுருள்வில்லின் மேல் வைத்துப் பார்ப்பது. கெட்ட பேரிங் என்றால் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு வில் வழியாக விரலுக்கு ஏறும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது சக்கரம் ஆடினால் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் டை ராட் பக்கம் போக வேண்டும். ஆட்டமே இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது. நன்றாக உறுமும் பேரிங்கில்கூட ஆட்டம் தெரியாமல் இருப்பது சாதாரணம்.

இத்தனைக்குப் பிறகும் குழப்பம் என்றால், ஒரே பக்கத்து முன், பின் டயர்களை இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். உறுமல் டயரோடு சேர்ந்து இடம் பெயர்ந்தால் வழக்கு முடிந்தது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். கடைக்காரரின் அனுபவத்தை இது நம்பியிருக்கவில்லை. நான்கு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

ஆபத்து என்று வந்தால் இரண்டும் சமமில்லை. பட்டனில் உள்ள 1.6 மில்லிமீட்டர் அடையாள மேட்டைத் தேய்மானம் தொடாமல், கம்பி தெரியாமல், பக்கச் சுவர் வீங்காமல் இருக்கும்வரை உறுமுகிற டயரோடு சில ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டலாம், எரிச்சல்தான் மிச்சம். பேரிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அது ஒரு கட்டத்துக்கு மேல் சூடேறி, ஆட்டம் கண்டு, கடைசியில் சக்கரமே இறுகிப்போகலாம் அல்லது ஹப்போடு கழன்று போகலாம். பேரிங் என்று உறுதியானால் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பணம் போகும் பாதையோ நேர்மாறானது. பேரிங் விஷயத்தில் நோயே அந்த அங்கத்தில்தான் இருக்கிறது; ஒழுங்காக மாற்றினால் தீர்ந்தது. ஒழுங்காக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கினாலோ, பிரஸ்ஸில் தவறான வளையத்தை அழுத்தினாலோ, புதுப் பேரிங் மாட்டும்போதே அடிபட்டுவிடும். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். திருப்பி மாட்டினால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பிக்கும். டயர் விஷயத்தில், டயர் ஒரு சாட்சி மட்டுமே. குற்றவாளி டோ கோணமாகவோ, ஷாக் அப்சார்பராகவோ, நைந்துபோன புஷ்ஷாகவோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் போட்ட புது டயர் ஓராண்டுக்குள் பழையபடி பாட ஆரம்பிக்கும். முன்பே தேய்ந்த டயரில் அலைன்மென்ட் செய்தால் சத்தம் அன்றே நிற்காது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விழுந்த வடிவம் ரப்பரில் இருக்கிறது. எந்த எந்திரமும் அதை நிமிர்த்தாது.

மின்சாரக் கார்களில் இந்தப் புகார் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அங்கே டயரின் குரலை மறைக்க எஞ்சின் இல்லை, பேட்டரியின் எடையும் டயரின் மேல்தான்.

என் தீர்ப்பு இதுதான்: சோதனையைப் பேரிங்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஆபத்து அங்கே, செலவைப் பற்றிய சந்தேகத்தை டயரின் மேல் வையுங்கள், ஏனென்றால் வீணாவது அங்கே. பேரிங் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி, கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். அலைன்மென்ட் செய்தால், செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகள் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். அதில் பின்சக்கரங்களின் டோ, கேம்பர் அளவுகளும் இருக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் பின்பக்கத்தைத் திருப்பிச் சரிசெய்ய வழி இல்லை என்பதால் சில கடைகள் அதை அளக்காமலே விட்டுவிடுகின்றன. அங்கே அளவு தவறியிருந்தால் பின்னச்சு வளைந்திருக்கிறதா, புஷ் நைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புது டயர் வாங்குங்கள்.