மறக்கப்பட்ட இருதய வால்வு

மனித இருதயத்தில் வால்வுகள் நான்கு. இடது பக்கத்து வால்வுகளைப் பற்றி மருத்துவ உலகம் பேசிய அளவிற்கு, வலது பக்கத்தில் இருக்கும் டிரைகஸ்பிட் எனும் மூவிதழ் வால்வைப் பற்றிப் பேசியதில்லை. 'மறக்கப்பட்ட வால்வு' என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயர் சூட்டிவிட்டனர். இந்த நிலை ஏன் ஏற்பட்டது?

உடலைச் சுற்றி வந்த இரத்தம் வலது மேலறையிலிருந்து வலது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை அதனை நுரையீரலுக்குத் தள்ளும்போது, இரத்தம் மேலறைக்குத் திரும்பாதபடி மூன்று இதழ்களும் ஒன்றுகூடிக் கதவை அடைக்க வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். கழுத்து இரத்தக் குழாய் புடைக்கும், கல்லீரல் வீங்கும், கால்களில் நீர் கோர்க்கும், வயிறு உப்பும். மாரடைப்பைப் போல ஒரே நாளில் ஆளைச் சாய்க்கும் நோய் அல்ல இது. நோயாளி மெல்ல மெல்லச் சோர்ந்து போவார். நீரை வெளியேற்றும் மாத்திரை கொடுத்தால் சில காலம் தேறிவிடுவார். கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவே ஒரு காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் மருத்துவ நூல்களிலேயே இருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் வில்கின்சன் கிங், 1837-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வலது கீழறையில் அழுத்தம் மிகும்போது இந்த வால்வு சற்றுக் கசிவது நன்மையே, கொதிகலனின் பாதுகாப்பு வால்வைப் போல அது செயல்படுகிறது என்பது அவருடைய கருத்து. கசிவையே ஒரு பாதுகாப்பாகப் பார்க்கும் எண்ணம் அன்றே வேரூன்றியது.

இருதயத்தைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யும் காலம் வந்தது. 1960 மார்ச் மாதம், அமெரிக்காவின் தேசிய இருதயக் கழகத்தில் நீனா பிரவுன்வால்ட் என்ற பெண் மருத்துவர், தாமே வடிவமைத்த செயற்கை வால்வை ஒரு நோயாளியின் ஈரிதழ் வால்வு இருந்த இடத்தில் பொருத்திச் சாதனை படைத்தார். இதே மருத்துவர், 1967-இல் சக மருத்துவர்கள் இருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஈரிதழ் வால்வைச் சரிசெய்தால் மூவிதழ் வால்வின் கசிவு பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும், அதைத் தொட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவில் நியாயம் இல்லாமல் இல்லை. ரூமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு கெட்டுப்போனவர்களுக்கு நுரையீரலில் அழுத்தம் ஏறும். அந்தப் பாரத்தால் வலது கீழறை விரியும். மூவிதழ் வால்வின் வளையமும் விரியும். இதழ்களில் பழுது இல்லை, கதவு நிலைதான் அகன்றுபோகிறது. பாரம் நீங்கினால் நிலை பழையபடி ஆகும் என்று எதிர்பார்த்தார்கள். இருதய நுரையீரல் இயந்திரத்தில் நோயாளி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து நிறைந்திருந்த காலம் அது. ஆனால், ஒரு காலத்தின் எச்சரிக்கை பிற்காலத்தில் சட்டமாகிப் போனதுதான் வருத்தத்திற்குரியது.

ஏனெனில், விரிந்த வளையம் பலருக்குச் சுருங்கவில்லை. ஈரிதழ் வால்வு நன்றாக வேலை செய்துகொண்டிருக்க, பல ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கி, வயிறு பெருத்து அவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தனர். அதற்குள் வலது கீழறையும் கல்லீரலும் களைத்துப் போயிருந்தன.

வழி தெரியாமலும் இல்லை. பாரிஸில் அலென் கார்ப்பென்டியர் 1960-களின் இறுதியிலேயே வால்வைச் சுற்றி வளையம் வைத்துத் தைக்கத் தொடங்கிவிட்டார். ஸ்பெயினின் டி வேகா 1972-இல் இன்னும் எளிய முறையைக் காட்டினார். வளையத்தின் ஓரமாக இரட்டைத் தையல் ஓட்டி, சுருக்குப் பையின் வாயை இழுப்பதுபோல இறுக்கிவிடுவது. செலவும் குறைவு, நேரமும் குறைவு. இருந்தும் பலர் வால்வைத் தொடாமலே விட்டனர்.

2005-இல் ஜில் டிரைஃபஸும் குழுவினரும் இங்கிலாந்திலிருந்து வெளியிட்ட ஆய்வு நிலைமையை மாற்றியது. கசிவை மட்டும் பார்க்காதீர்கள், வளையத்தை அளந்து பாருங்கள் என்றது அது. இருதயத்தைத் திறந்தபின் 70 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால், கசிவு குறைவாக இருந்தாலும் அவர்கள் வளையத்தைச் சரிசெய்தனர். மொத்தம் 311 நோயாளிகள். ஈரிதழ் வால்வை மட்டும் சரிசெய்துகொண்டவர்களில் 48 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் மூவிதழ்க் கசிவு வெகுவாக முற்றியது. இரண்டையும் சரிசெய்துகொண்டவர்களில் 2 விழுக்காட்டினருக்கே அப்படி ஆனது.

முன்பே கைவிடப்பட்டவர்களின் கதி என்ன? அமெரிக்காவில் 2004 முதல் 2013 வரை மூவிதழ் வால்வுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட 5,005 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்தபோது, 8.8 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தது தெரிந்தது. முதியவர்களுக்குக் கத்தி வைக்க மருத்துவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

அவர்களுக்காகவே பிறந்தது நெஞ்சைப் பிளக்காத முறை. தொடை இரத்தக் குழாய் வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, உணவுக்குழாய்க்குள் வைத்த ஸ்கேன் கருவியின் துணையுடன், கசியும் இரு இதழ்களைச் சிறு கிளிப்பால் கவ்விப் பிடிக்கிறார்கள். 350 பேரிடம் நடந்த 'டிரைலுமினேட்' ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நோயாளிகளின் சராசரி வயது 78. கிளிப் பொருத்தியவர்களில் 87 விழுக்காட்டினருக்குக் கசிவு மிதமான அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கியது. மருந்து மட்டும் உட்கொண்டவர்களில் 5 விழுக்காட்டினருக்குத்தான் அது நடந்தது. வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் மரண விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை.

2024 பிப்ரவரியில், கதீட்டர் வழியாகவே முழு வால்வையும் பொருத்தும் 'இவோக்' கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. ஏப்ரலில் கிளிப்புக்கும் அனுமதி கிடைத்தது. புதிய வால்வு பொருத்தப்பட்டவர்களில் சிலருக்கு, இருதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரும் தேவைப்பட்டது குறிப்பிடத்தக்கது.