தொழில்நுட்பக் கடனும் 2000ஆம் ஆண்டுச் சிக்கலும்

மென்பொருளை விரைவாகவோ சிக்கனமாகவோ முடிப்பதற்காக இன்று எடுக்கும் குறுக்குவழி, பின்னாளில் கூடுதல் வேலையாகத் திரும்பி வருவதைத் தொழில்நுட்பக் கடன் என்பர். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம், வைகேஷ் என்னும் முதலீட்டு மேலாண்மை மென்பொருளை உருவாக்கிய அனுபவத்தை 1992இல் எழுதியபோது இவ்வுவமையைக் கையாண்டார். கடன் வாங்குவதே தவறு என்று அவர் கருதவில்லை. சிறு கடன் வேலையை விரைவுபடுத்தும். திருப்பி எழுதி அடைக்காமல் விட்டால் வட்டி ஏறும் என்பதே அவர் கருத்து.

இச்சொல் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பெருங்கடன் ஒன்று வாங்கப்பட்டிருந்தது. அக்காலத் தரவுகள் 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில் பதியப்பட்டன. பெயர், எண், தொகை, தேதி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். கணினி நினைவகமோ மிகவும் விலை உயர்ந்தது. எனவே 1965 என்பதை 65 என்று எழுதினர். ஒவ்வொரு தேதியிலும் இரண்டு இடங்கள் மிச்சம். இதை அறியாமை என்று இன்று பழிப்பது எளிது. அன்றைய விலையில் அது நியாயமான கணக்குதான்.

தவறு அதற்குப் பின் நேர்ந்தது. நிரல்கள் சில ஆண்டுகளில் மாற்றப்பட்டுவிடும் என்று எழுதியவர்கள் நம்பினர். ஆனால் இயந்திரங்கள் மாறின, நிரல்கள் மாறவில்லை. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசையின் சில கணினிகள் பழைய 1401 கணினியின் நிரல்களையும் இயக்கின; வாடிக்கையாளர்களுக்கு அது பெரிய வசதி. கோப்பு ஒன்றின் வடிவத்தை மாற்றினால் அதைப் படிக்கும் எல்லா நிரல்களையும் மாற்ற வேண்டும் என்பதால், புதிதாக எழுதியவர்களும் ஈரிலக்கத்தையே பின்பற்றினர். இவ்வாறு வட்டி ஏறியது. கணினி முன்னோடி பாப் பீமர் 1971இலேயே எச்சரித்து எழுதினார், கேட்டவர் குறைவு.

1935இல் பிறந்தவரின் வயதை 2000இல் கணக்கிட்டால், 00இலிருந்து 35 கழிந்து எதிர்மறை எண் வரும். ஓய்வூதியம், வட்டி, காப்பீடு எல்லாம் இத்தகைய கழித்தலை நம்பியிருந்தன. 1990களின் பிற்பகுதியில் கோபால் மொழி நிரல்களை வரி வரியாகத் தேட வேண்டியதாயிற்று. சில இடங்களில் மூல நிரலே தொலைந்திருந்தது. இப்பணியின் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. உலகச் செலவு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது.

ஆண்டை நான்கு இலக்கமாக்குவதே முழுத் தீர்வு. நேரமில்லாதவர்கள், ஓர் எல்லைக்குக் கீழுள்ள எண்களை 2000களாகவும் மற்றவற்றை 1900களாகவும் கொள்ளும்படி நிரலைத் திருத்தினர். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்!

2000 ஜனவரி 1 பெரிய பாதிப்பின்றிக் கடந்தது. எல்லாம் வீண் பீதி என்று பலர் கேலி செய்தனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அங்கு டவுன் நோய்க்குறிப் பரிசோதனைக்கான கணினி, கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. ஆபத்து மிகுந்த பிரிவில் இருந்த 150க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, ஆபத்து குறைவு என்ற முடிவு சென்றது. பிழை வெளிப்பட மே மாதம் ஆயிற்று.

அடுத்த தவணைக்கும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணி நேரத்தைக் காக்கின்றன. அவ்வெண்ணை 32 பிட்டுகளில் வைத்திருப்பவற்றில், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07க்குப் பிறகு எண்ணிக்கை நிரம்பி, தேதி 1901க்குத் திரும்பும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. தொழிற்சாலைக் கருவிகளுக்குள் பதிந்து, யாரும் திறந்து பார்க்காத பழைய சில்லுகளே மீதி.