கட்டாத வீடும் காக்கும் சட்டமும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு வேலை போனால் வீடும் போய்விடும். எனவே, சொந்த வீடு என்பது அவர்தம் நெடுநாள் கனவாக இருந்தது. என் தந்தையார் 1996ஆம் ஆண்டில் தம் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து ஒரு வீட்டிற்கு முன்பணம் கட்டினார். அடுத்த ஆண்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. தூண்கள் எழும்பிய நிலையில் வேலை நின்றது. வங்கித் தவணையும் வாடகையும் மட்டும் நிற்கவில்லை.

நம் நாட்டில் வீடுகள் பெரும்பாலும் கட்டப்படுவதற்கு முன்பே விற்கப்படுகின்றன. கட்டுமானம் வளர வளர வாங்குபவரின் பணம் கட்டங்கட்டமாக மேம்பாட்டாளரிடம் சேர்கிறது. இதனால் இழப்பின் பெரும்பகுதி வாங்குபவர் தலையில் விழுகிறது. இதைக் கட்டுப்படுத்தவே 1966ஆம் ஆண்டில் வீடமைப்பு மேம்பாட்டாளர் (கட்டுப்பாடு, உரிமம்) சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி வீடமைப்புத் தொழில் செய்வது குற்றமாயிற்று.

ஆயினும், 1980களின் மந்தநிலையில் பல திட்டங்கள் பாதியிலேயே கைவிடப்பட்டன. அதன்பின் வந்த 1989ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகத்தை அரசே வகுத்தது. நில வீட்டை 24 மாதங்களிலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதங்களிலும் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு தர வேண்டும். 1991இல் ஒவ்வொரு திட்டத்திற்கும் தனி வங்கிக் கணக்கு கட்டாயமாயிற்று. ஆனால், நெருக்கடியில் புதிய பணம் வராதபோது அக்கணக்கினால் மட்டும் வீட்டைக் கட்டி முடிக்க இயலவில்லை. எங்கள் குடும்பம் கண்ட உண்மை அதுவே.

பின்னர் 2002இல் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் தோன்றியது. 2007இல் 10 விழுக்காடு முன்பணமும், வீடு முடிந்தபின் எஞ்சிய 90 விழுக்காடும் செலுத்தும் முறை அறிமுகமாயிற்று. எனினும், அது கட்டாயமாக்கப்படவில்லை. திட்டத்தைக் கைவிடுவதைக் குற்றமாக்கும் திருத்தம் 2012இல் நிறைவேறி, 2015இல் நடப்புக்கு வந்தது.

இச்சட்டங்கள் எல்லாம் யாரோ சிலர் பட்ட இழப்பிற்குப் பின்னரே பிறந்தவை. அவற்றைப் பயன்படுத்துவோர் இல்லையேல் அவை ஏட்டிலேயே உறங்கும். ஒப்படைப்புக் காலத்தை 36 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டித்ததை எதிர்த்து வீடு வாங்கியோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அவர்கள் தம் ஒப்பந்தத்தைப் படித்தவர்கள்.

பெற்றோர்களே, விளம்பரத்தில் உரிம எண்ணும் விற்பனை அனுமதி எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அவற்றை வீடமைப்பு அமைச்சிடம் சரிபாருங்கள். ஒப்பந்தத்தின் மொழி புரியவில்லையெனில், கையொப்பமிடுமுன் தெரிந்தவரிடம் கேளுங்கள். பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்பதிலும் தவறில்லை. என் தந்தையார் அன்று யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.